கரகோலில் விழுந்த பிள்ளைக்கு இல்ஃபோர்டில் செத்தவீடு

1

சென்ற சனிக்கிழமை இல்ஃபோர்டில் உள்ள தமிழ்க் கடையொன்றில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். பின்னால் வந்த ஒருவர் என் கையைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. திரும்பிப் பார்த்தால் சிவபாதம் அண்ணை. முன்பு நாங்கள் ஃபாரஸ்ட் கேட்டில் வாடகைக்கு இருந்த வீட்டின் மேல்மாடியில் இருந்தவர். கண்டு கனகாலம்.

"கேள்விப்பட்டனான் தம்பி," என்றார். "வரேலாமல் போச்சு. அப்ப எனக்கு முழங்கால் ஒப்பரேஷன்."

நான் கையிலிருந்த முருங்கைக்காயைப் பார்த்தேன்.

"பிள்ளைக்கு என்ன வயசு?"

"இருபத்து மூண்டு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு என் கையை இன்னும் இறுக்கினார்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரேயொரு வசனம். அண்ணை, பிள்ளை உயிரோடு இருக்கிறாள். வெளியில் இரட்டை மஞ்சள் கோட்டில் காரை நிறுத்திவிட்டு, தண்டம் எழுதுகிறவன் வருமுன் வெளியே வாருங்கள் என்று எனக்கு மெசேஜ் மேல் மெசேஜாக அனுப்பிக்கொண்டிருக்கிறாள். இவ்வளவுதான். ஆனால் ஒருவர் இவ்வளவு நேர்த்தியாகத் துக்கம் விசாரிக்கும்போது, குறுக்கிட்டு, அண்ணை நீங்கள் பிழையான வீட்டுக்கு வந்துவிட்டீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். என் முருங்கைக்காய்க்கும் அவரே காசு கொடுத்தார்.

காரில் ஏறியதும் ஆரபி கேட்டாள்: "ஏன் அப்பா இவ்வளவு லேட்?"

"கியூ," என்றேன்.

ஆரபி என் மகள், ஒரே பிள்ளை. பத்து மாதங்களுக்கு முன் அவளுக்கு எங்கள் வீட்டில் ஏறக்குறைய ஒரு செத்தவீடு நடந்தது. அதை நடத்தியவன் நான். வருகிற மாதம் அவள் விழுந்த அதே இடத்துக்குத் திரும்பவும் போகிறாள். அதை நான் தடுக்க முடியாது. தடுக்கும் வயதை அவள் தாண்டிவிட்டாள். இப்போது எங்கள் வீட்டில் நடக்கும் வழக்கு வேறு. அங்கே அவளுக்கு ஏதும் ஆனால் முதலில் யாருக்கு ஃபோன் அடிப்பது என்பதுதான் அது. இதுவரை அந்த முதல் நம்பர் என்னுடையது. அதை எடுத்துவிடப் போகிறேன் என்று அவள் அறிவித்துவிட்டாள்.

2

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு என் தொழிலைச் சொல்ல வேண்டும். நான் ஒரு கவுன்சிலில் கட்டடப் பரிசோதகர். இங்கே வீட்டுக்குமேல் ஒரு அறை போடுபவர்களும், பின்பக்கம் சமையலறையை நீட்டுபவர்களும் எங்களைக் கூப்பிட வேண்டும். நான் போய் படியின் உயரம், கைப்பிடியின் உயரம், நெருப்புப் பிடித்தால் ஓடும் வழி எல்லாம் பார்த்துக் கையெழுத்து வைப்பேன். ஒரு வீட்டுக்குள் போனால் அங்கே யார் எப்படி விழக்கூடும் என்பதுதான் எனக்கு முதலில் தெரியும். பிறவியிலேயே பயந்தவனுக்கு அந்தப் பயத்துக்கே சம்பளமும் கொடுக்கும் நாடு இது.

இப்படிப்பட்டவனின் மகள் மருத்துவத்துக்கு வேண்டிய புள்ளிகளை எடுத்துவிட்டுத் தொல்லியல் படிக்கப் போனாள். சனங்கள் கேட்கும்போது நான் பொய் சொல்லவில்லை. சுற்றிச் சொன்னேன்.

"மகள் என்ன படிக்கிறா?"

"கட்டடம் சம்பந்தமா."

"எஞ்சினியரிங்கோ?"

"பழைய கட்டடம்."

எவ்வளவு பழையது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டவர் என் மனைவி பவானியின் தம்பி குகன் ஒருவர்தான். ஃபாரஸ்ட் கேட்டில் மளிகைக்கடை வைத்திருக்கிறார். மாயன் நகரம் என்று தெரிந்ததும் அவருக்கு ஒரே உற்சாகம்.

"மயன் எண்டா எங்கட மயன்தானே மச்சான். எங்கட ஆள் கட்டினதை எங்கட பிள்ளை கிண்டிறாள். பெருமைதானே."

"மாமா, அது சரியில்லை," என்றாள் ஆரபி.

"எது சரியில்லை?"

"எல்லாமே."

படிப்பு முடிந்ததும் ஒரு பல்கலைக்கழகக் குழுவோடு பெலீஸ் நாட்டுக்குப் போக அவளுக்கு இடம் கிடைத்தது. மத்திய அமெரிக்காவில் கையளவு நாடு. அங்கே காட்டுக்குள் கரகோல் என்ற நகரம். நான் சம்மதித்ததற்கு ஒரே காரணம், அந்த நாட்டை முன்பு ஆங்கிலேயன் ஆண்டிருக்கிறான் என்பது. ஆங்கிலேயன் ஆண்ட இடத்தில் விபத்து நடந்தாலும் அதற்கென்று ஒரு ஃபோர்ம் இருக்கும், அதை எனக்கு நிரப்பத் தெரியும் என்று ஒரு நம்பிக்கை.

3

நான் அகதியாக வந்த புதிதில் குரோய்டனில் ஒரு அதிகாரி என்னை விசாரித்தார். நான் சொன்ன ஊர்தான் என் ஊரா என்று பார்ப்பதற்காக, பஸ் நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவீர்கள், பக்கத்தில் என்ன கட்டடம் என்று கேட்டார். பிறந்து வளர்ந்த ஊர். பயத்தில் இடமும் வலமும் மாறிவிட்டது. என்னுடைய விண்ணப்பத்தை முதல் தடவை நிராகரித்தார்கள்.

கரகோலைப் பற்றி என்னை இப்போது அப்படி விசாரித்தால் ஒரே தடவையில் விசா தருவார்கள். பிள்ளை போன நாளிலிருந்து, எலிசபெத் லைன் ரயிலில் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்த நகரத்தைத்தான் படித்தேன். அங்கே ஆறில்லை. ஆறில்லாத சுண்ணக்கல் மலைப்பாங்கில், மழைநீரைக் குளங்களில் பிடித்து வைத்தே ஒரு பெரிய நகரம் வாழ்ந்திருக்கிறது. ஆறே இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் பிறந்த எனக்கு அது உடனே விளங்கியது. சரிவுகளில் கல்லுக்கட்டி, படிப்படியாகத் தோட்டம் செய்திருக்கிறார்கள். நடுவிலிருந்து நாலாபக்கமும் உயர்த்திப் போட்ட தெருக்கள். மரம் வெட்டப் போன ஒருவரின் கண்ணில் பட்டுத்தான் அந்த நகரம் திரும்ப வெளியே தெரிந்தது. அது எவ்வளவு தூரம் பரந்து கிடக்கிறது என்பது, பிற்காலத்தில் விமானத்திலிருந்து லேசரால் காட்டை அளந்தபோதுதான் பிடிபட்டதாம்.

நடுவில் கானா. வானத்து இடம் என்று பொருள் சொல்கிறார்கள். மலைபோன்ற ஒரு கட்டடம். ஏறி முடிந்தது என்று மூச்சு விடும்போது மேலே ஒரு முற்றமும் அதைச் சுற்றி மூன்று கோயில்களும் இருக்கின்றன. இடையில் அரண்மனை அறைகள். இன்றைக்கும் அந்த நாட்டின் மிக உயரமான கட்டடங்களில் அது ஒன்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரபி அதன் உச்சியில் நின்று வீடியோவில் எடுத்தாள். காடு பச்சைக் கம்பளம்போல் கீழே கிடந்தது. பார்க்க வேண்டியது அதைத்தான். நான் பார்த்தது படியை.

"கைப்பிடி எங்க?"

"அப்பா, இது ஏழாம் நூற்றாண்டு."

"ஏழாம் நூற்றாண்டில ஆக்கள் விழமாட்டினமோ? அந்தப் படிக்குப் பக்கத்தில காலை வை பாப்பம்."

வைத்தாள். படி அவளுடைய முழங்காலை எட்டிப் பார்த்தது.

"உதுக்கு நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

"யாரும் உங்களைக் கேக்கேல்லை அப்பா."

உண்மை. ஆனால் நான் பரிசோதித்துக்கொண்டேதான் இருந்தேன். வளைவு கட்டும் முறையை அவர்கள் கைக்கொள்ளவில்லை. இரண்டு பக்கச் சுவர்களிலிருந்தும் ஒவ்வொரு வரிசைக் கல்லையும் சற்று உள்ளே தள்ளி வைத்துக்கொண்டு போய், இடைவெளி ஒடுங்கியதும் மேலே ஒரு மூடுகல்லை வைத்து முடிப்பார்கள். எங்கள் பழைய கோயில்களிலும் இந்த வேலைதான். அதனால் சுவர் தடிப்பு, அறை ஒடுக்கம். மூடுகல் ஒன்று இளகினால் என்ன நடக்கும் என்று நான் கேட்க, அவள் பேச்சை மாற்றினாள். பழைய கட்டடத்தை அப்படியே உள்ளே வைத்து, அதன் மேலேயே பெரிதாக இன்னொன்றைக் கட்டும் பழக்கமும் அவர்களுக்கு இருந்திருக்கிறது. இது எனக்குப் புதிதல்ல. இல்ஃபோர்டில் ஒரு சமையலறைச் சுவரைத் தட்டினால் உள்ளே முன்னைய சொந்தக்காரரின் சுவர் இருக்கும், அதற்குள் அவருக்கு முந்தியவரின் ஓடு இருக்கும்.

வீடுகளைப் பற்றி அவள் சொன்னதுதான் பவானிக்குப் பிடிக்கவில்லை. அரசருக்கு மட்டுமில்லாமல் சாதாரணக் குடும்பங்களுக்கும் நடுவில் முற்றம், அதைச் சுற்றி வீடுகள். அதில் கிழக்குப் பக்கத்துக் கட்டடம் பெரும்பாலும் இறந்தவர்களுக்கு. ஒருவரை வைத்து மூடிய அறையைத் திரும்பத் திறந்து அடுத்தவரையும் வைப்பார்களாம்.

"செத்த ஆக்களோட ஒரே முற்றத்தில இருந்தவை அம்மா. அதில அவைக்கு ஒரு ப்ராப்ளமும் இல்லை."

"விளக்கு வைக்கிற நேரத்தில என்ன கதை உது," என்று பவானி ஃபோனை என்னிடம் தந்துவிட்டு எழும்பிப் போனாள்.

அந்த நகரத்தில் ஆறாம் நூற்றாண்டில் பக்கத்துப் பெரிய நகரமான டிகாலைத் தோற்கடித்த கதையை ஒரு வட்டக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். தோற்றவர்களோ அதன்பின் நெடுங்காலம் கல்வெட்டே வைக்கவில்லை. வென்றவர்களும் ஒன்பதாம் நூற்றாண்டோடு எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். அரண்மனை எரிந்த அடையாளம் இருக்கிறது. தரையில் வைத்த பானைகளை வைத்தபடியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அதைப் பற்றி மட்டும் நான் அவளிடம் விளக்கம் கேட்கவில்லை. அப்படி விட்டுவிட்டு வந்த சமையலறை ஒன்று எனக்கும் தெரியும்.

4

பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு வீட்டின் கூரையறைக்குப் போகும் புதுப்படியில் நின்று அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். ஃபோன் அடித்தது. ஆரபியின் குழு அலுவலகத்திலிருந்து ஒரு பெண். நல்ல ஆங்கிலம், மிருதுவான குரல். உங்கள் மகள் விழுந்துவிட்டாள் என்றார். தயவுசெய்து பயப்பட வேண்டாம் என்றார். வைத்தியர்கள் கூட இருக்கிறார்கள், அவளுக்கு இப்போது வலியோ நோவோ இல்லை, நாங்கள் எல்லோரும் அவளை நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்றார்.

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் அறிய, யாழ்ப்பாணத்து ஆள் எவரும் இன்னொருவருக்கு ஃபோன் அடித்து, இன்னார் செத்துவிட்டார் என்று நேரே சொன்னதில்லை. கொஞ்சம் ஏலாமல், அதாவது சுகமில்லாமல், இருக்கிறார் என்பார்கள். பயப்பிடாதேங்கோ என்பார்கள். டாக்டர்மார் நிற்கினம் என்பார்கள். என் தகப்பனார் காலமானபோது அண்ணர் எனக்கு அடித்துச் சொன்னது இதுதான்: "ஐயாவுக்கு இப்ப நோ ஒண்டும் இல்லை. பயப்பிடாதை. ஆனா டிக்கட்டைப் போடு." நோ இல்லை என்ற சொல்லிலேயே எனக்குச் செய்தி கிடைத்துவிட்டது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கும்வரை அண்ணர் அதற்குமேல் ஒரு சொல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கும்வரை ஐயா கொஞ்சம் ஏலாமல்தான் இருந்தார்.

ஆகவே அந்த ஆங்கிலப் பெண் பயப்பட வேண்டாம் என்றதும் என் காது அடைத்துவிட்டது. அதன்பின் கணுக்கால் என்றும், எக்ஸ்ரே என்றும், தலையில் சிறு அடி என்பதால் ஒரு நாள் வைத்துப் பார்க்கிறார்கள் என்றும் அவர் விளக்கமாகச் சொல்லியிருக்கிறார். ஒன்றும் எனக்குள் போகவில்லை. ஏதும் கேட்க வேண்டுமா என்று கடைசியில் கேட்டார்.

"நோ," என்றேன். "தாங்க்யூ ஃபோர் லெட்டிங் அஸ் நோ."

அந்தப் பெண் பின்னர் ஆரபியிடம் சொன்னாராம்: உன் அப்பா எவ்வளவு நிதானமான மனிதர்.

நிதானமான மனிதர் அளவுநாடாவை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். பவானி துணி மடித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னப்பா?" என்றாள்.

"ஒண்டுமில்லை," என்றேன். "பிள்ளைக்குக் கொஞ்சம் ஏலாதாம். பயப்பிடாதை."

அவள் மடித்த துணியை மடியில் வைத்தபடி அப்படியே தரையில் இருந்துவிட்டாள். இருபத்தைந்து வருடம் சேர்ந்து வாழ்ந்தவளுக்கு அந்தச் செய்தியை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஆரபியின் நம்பருக்கு அடித்தோம். அணைந்திருந்தது. குழு அலுவலகத்துக்குத் திரும்ப அடித்திருக்கலாம். நம்பர் கையில் இருந்தது. அடித்தால் அவர்கள் சொல்லிவிடுவார்கள் என்பதுதான் பயம்.

5

பவானி தம்பிக்கு அடித்து, "ஆரபிக்குக் கொஞ்சம் ஏலாதாம்," என்றாள். குகன் தன் மனைவிக்கும், பவானியின் அக்காவுக்கும் அதையே சொன்னார். அக்கா மற்றவர்களுக்குச் சொன்னார். ஒருவரும் ஒரு பொய் சொல்லவில்லை. அவளுக்கு உண்மையாகவே கொஞ்சம் ஏலாமல்தான் இருந்தது.

பின்னேரத்துக்குள் வீடு நிரம்பிவிட்டது. குகன் கடையை மூடிவிட்டு, கோயில் மண்டபத்தில் சொல்லி மடக்குக் கதிரைகள் கொண்டுவந்து இறக்கினார். எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று பக்கத்துத் தெருவிலிருந்து ஒருவர் இடியப்பமும் சொதியும் கொண்டுவந்தார். செருப்புகள் வாசலைத் தாண்டித் தெருவரை போயின. எதிர்வீட்டு ஆங்கிலக் கிழவர் ஜன்னலால் பார்த்துவிட்டு, விழாவா என்று சைகையால் கேட்டு எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நான் திரும்பத் தலையாட்டினேன்.

ஆண்கள் முன்னறையில் குரலைத் தாழ்த்திக் கதைத்தார்கள்.

"எப்ப கொண்டு வருவினமாம்?"

"அது தூரம்தானே. மயாமியில மாறி வரவேணும்."

"எம்பசிக்கு ஆர் அடிக்கிறது?"

"இப்ப அவரைக் கரைச்சல் படுத்தாதேங்கோ," என்று குகன் என் ஃபோனை வாங்கித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நான் கதிரையில் இருந்து என்ன நினைத்தேன் என்றால், அந்தப் படிக்கு நான் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று சொன்னேனே, கேட்டாளா என்று. கானாவின் படி ஒவ்வொன்றும் எனக்கு முன்னால் நின்றது. அதைக் கட்டியவர்கள் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத்தில் வைக்க முடியாது.

பவானியின் அக்கா சுவரிலிருந்து ஆரபியின் பட்டமளிப்புப் படத்தைக் கழற்றி, சேலைத் தலைப்பால் துடைத்து, சிறுமேசையில் வைத்தார். குத்துவிளக்கை எடுத்து வந்தார். எண்ணெயும் விட்டார். திரியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தால் கொளுத்துவதற்கு.

நான் தலையசைக்கவில்லை. அன்று முழுவதும் நான் செய்த ஒரேயொரு புத்தியுள்ள காரியம் அது. அதுவும் யோசித்துச் செய்ததல்ல, கழுத்து அசையவில்லை.

அப்போது குகனின் சட்டைப்பையில் என் ஃபோன் அடித்தது. வீடியோ அழைப்பு, தெரியாத நம்பர். அவர் எடுத்தார். 

"மாமா? ஹலோ? அப்பா எங்க? என்ட ஃபோன் கேம்ப்ல. இது நர்ஸிட ஃபோன்."

வீடு முழுவதற்கும் அந்தக் குரல் கேட்டது. குகன் என்னைத் தேடித் திரும்பியதில் ஃபோன் அறையை அவளுக்குச் சுற்றிக் காட்டியது. கதிரைகள், சனங்கள், மூக்கைத் துடைத்துக்கொண்டிருக்கும் மாமிமார்.

"ஏன் எல்லாரும் எங்கட வீட்டில?" அவளுடைய குரல் மாறியது. "மாமா, ஹூ டைட்?"

எல்லோரும் குகனைப் பார்த்தார்கள்.

"அம்மா எங்க? அப்பா எங்க? யார் செத்தது, மாமா?"

"ஒருத்தரும் இல்லைப் பிள்ளை," என்றார் குகன். "சும்மா வந்தனாங்கள்."

"அப்ப ஏன் என்ட ஃபோட்டோ மேசையில இருக்கு?"

பவானியின் அக்கா திரியைப் பின்னால் மறைத்தார். "தூசி தட்டினனாங்கள் அம்மாச்சி," என்றார்.

6

அவள் விழுந்தது கானாவிலிருந்து அல்ல. ஆயிரத்துச் சொச்சம் வருடமாக நிற்கும் அந்தக் கட்டடத்தில் அவள் கிழமைக் கணக்காக ஏறி இறங்கியிருக்கிறாள். ஒன்றும் நடக்கவில்லை. மழை பெய்த காலையில் முகாமின் சமையல் கொட்டிலுக்கு முன்னால் இருந்த பலகைப் படியில், ஃபோனைப் பார்த்துக்கொண்டே கால் வைத்துச் சறுக்கியிருக்கிறாள். ஒரே ஒரு படி. உயரம் சட்டப்படி சரி. நான் போயிருந்தால் கையெழுத்து வைத்திருப்பேன்.

கட்டுப்போட்ட காலோடு வந்தாள். முதல் கிழமை எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். செத்த ஆள் தேத்தண்ணி கேக்குது என்று மேலேயிருந்து கத்துவாள். பவானி கையெடுத்துக் கும்பிட்டு அப்படிச் சொல்லாதே என்பாள். நான் மட்டும் விடிய எழும்பியதும் அவளுடைய அறைக் கதவைச் சற்றுத் திறந்து, போர்வை அசைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பல்லுத் தீட்டுவேன். இன்றைக்கும் பார்க்கிறேன். வேலையில் ஒருவர் பயப்படாதீர்கள் என்றால் கைப்பிடியைத் தேடுகிறேன்.

கட்டு வெட்டிய அன்று ஆரபி என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"அப்பா, நீங்கள் ஏன் ஒரு கேள்வியும் கேக்கேல்லை?"

"என்னத்தைக் கேக்கிறது?"

"உயிரோட இருக்கிறாளோ எண்டு."

"அப்பிடிக் கேக்கிறதில்லைப் பிள்ளை."

"ஏன்?"

 நான் அவளுடைய மாயன் ஆட்களிடம் ஓடினேன். கரகோல்காரர் மட்டும் செத்தவர் செத்தார் என்று கல்லில் நேரே வெட்டினார்களா என்று கேட்டேன்.  செத்தார் என்றும் எழுதுவார்கள், ஆனால் மாயன் கல்வெட்டுகளில் பல இடங்களில் பாதைக்குள் நுழைந்தார் என்றுதான் இருக்கும் என்றாள்.

"பாத்தியோ," என்றேன். "அவையும் எங்கட ஆக்கள்தான். குகன் சொன்னது சரி."

அவள் சிரிக்கவில்லை. "அவை செத்தாப் பிறகுதான் அப்பிடி எழுதினவை அப்பா. உயிரோட இருக்கிற ஆளுக்கு எழுதேல்லை. நான் ஆஸ்பத்திரியில தனிய இருந்தனான். ஹோர்ஸ் நேரம் ஆச்சு, வீட்டில இருந்து ஒருத்தரும் எடுக்கேல்லை. எல்லாரும் எனக்கு அழுதுகொண்டு இருந்திருக்கிறீங்கள். ஒருத்தர் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணியிருக்கலாம்."

அப்படி ஒரு பக்கம் இருக்கிறது என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. என் பிள்ளை தலையில் அடியோடு தெரியாத ஊரில் கிடந்தபோது, அவளைப் பற்றி விசாரிக்காமல் அவளுக்காக வந்த இடியப்பத்தை நான் வாங்கி வைத்திருக்கிறேன்.

"அடுத்த முறை ஹன்னாவிட நம்பரைத்தான் முதல்ல குடுக்கப்போறன்," என்றாள். ஹன்னா பல்கலைக்கழகத்தில் அவளோடு ஒரே வீட்டில் இருந்த பிள்ளை. "அவள் கேள்வி கேப்பாள்."

சின்ன வயதிலிருந்தே அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பாடசாலையிலிருந்து வந்த ஒவ்வொரு ஃபோனும் எனக்கு வந்தது. பவானி ஆங்கிலம் என்றால் ஃபோனை என் கையில் திணித்துவிடுவாள். கெட்ட செய்தியை முதலில் கேட்கும் உரிமை போகிறதே என்று ஒரு மனிதன் கண்கலங்குவான் என்று எனக்கு யாராவது முன்பே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

7

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பயிற்சி என்று ஒன்றை ஆரபியே யோசித்தாள். ஞாயிறு பின்னேரம் அவள் மேல்மாடியில் நின்று என் ஃபோனுக்கு அடிப்பது. அலுவலகப் பெண்போலக் கதைப்பது. நான் சரியாகக் கேள்வி கேட்டால் முதல் நம்பர் எனக்கே.

முதல் அழைப்பு. "உங்கள் மகள் விழுந்துவிட்டாள், சேர்."

"தாங்க்யூ," என்றேன். துண்டித்துவிட்டாள்.

இரண்டாவது அழைப்பில் அங்கே மழையா என்று விசாரித்தேன். மூன்றாவதில், எவ்வளவு சீரியஸ் என்று கேட்டேன்.

மேலேயிருந்து எட்டிப் பார்த்தாள். "அப்பா, உயிரோட இருக்கிறாளோ எண்டு கேளுங்கோ. அவ்வளவுதான்."

"அந்தக் கதை வீட்டுக்குள்ள வேண்டாம் பிள்ளை."

"அப்ப வெளியில போய் நிண்டு கேளுங்கோ."

நான்காவது முறை ஃபோன் அடித்தபோது பவானி சமையலறையிலிருந்து ஈரக்கையோடு வந்தாள். மருந்துக்கடைக்காரனோடுகூட ஆங்கிலத்தில் கதைக்கக் கூச்சப்படுகிறவள். என் கையிலிருந்து ஃபோனைப் பறித்தாள்.

"மேடம். மை டோட்டர், லிவ் ஓர் டெட்? யூ டெல் மீ நவ். ட்ரூ டெல்."

ஆரபி மேற்படியில் அப்படியே உட்கார்ந்தாள். 

"அலைவ், அம்மா," என்றாள் ஆரபி.

"எங்க நோகுது?"

"கால்."

"டாக்டரைக் குடுங்கோ. சரி, வை. இறங்கி வந்து சாப்பிடு."

இப்போது முதல் நம்பர் பவானியுடையது. இரண்டாவது ஹன்னா. நான் மூன்றாவது. மூன்றாவதாவது வைத்திருக்கிறாளே என்று குகனிடம் பெருமையாகச் சொன்னேன்.

இதை இவ்வளவும் எழுதி வைத்து மூன்று கிழமை. ஆரபி போய்விட்டாள். இம்முறை கானாவுக்கு அல்ல; குளமொன்றின் கரையில் ஒரு சாதாரணக் குடும்பத்தின் முற்றத்தைத் தோண்டுகிறார்கள். கிழக்குப் பக்கக் கட்டடத்தில் வேலை. நான் படிகளைப் பற்றிக் கேட்கவில்லை.

நேற்றுப் பகல் பவானியின் ஃபோன் அடித்தது. தெரியாத நம்பர். நான் சமையலறை வாசலில் நின்றேன். அவள் கையைத் துடைத்துவிட்டு எடுத்தாள். ஒரு ஆண்குரல், ஆங்கிலம், மிருதுவாக. விபத்து என்ற சொல் எனக்குக் கேட்டது. கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

"ஹூ?" என்றாள் பவானி. "மை டோட்டர்? லிவ் ஓர் டெட்?"

அந்தப் பக்கம் ஏதோ தடுமாறியது. அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். அவளுடைய முதுகுதான் எனக்குத் தெரிந்தது.

"நோ. நோ கார் ஆக்சிடென்ட். பாய்," என்று வைத்துவிட்டு அடுப்புக்குத் திரும்பினாள். "உவங்கள் நட்டஈடு எடுத்துத் தாறம் எண்டு அடிக்கிறவங்கள். ஒண்டுமில்லை."

ஒன்றுமில்லை என்று அவள் சொன்ன விதம் எனக்குச் சரியாகப் படவில்லை. முகத்தைக் காட்டாமல் சொன்னாள். உண்மையை எனக்குச் சொல்ல மனம் வராமல் அப்படிச் சொல்கிறாளோ? குகனுக்கு அடித்துப் பார்க்கலாம் என்று ஃபோனைக்கூட எடுத்துவிட்டேன்.

பிறகு அதை மேசையில் வைத்தேன்.

"பவானி," என்றேன். "பிள்ளை உயிரோட இருக்கிறாளோ?"

சொல் வீட்டுக்குள் விழுந்தது. அவள் அகப்பையை வைத்துவிட்டுத் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். அடுப்பைக் குறைத்தாள்.

"இருக்கிறாள்," என்றாள். "உதை அண்டைக்குக் கேட்டிருக்கலாம்."